கடந்துபோக மட்டும்

டிஸ்க் தொண்ணூற்றெட்டு சதம் நிரம்பிவிட்டதென்று
மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது சர்வர்.
நாலாம் நாள் சாயங்காலம்
ரப்பர் விலையை எழுதப் போனால்
இடமில்லை என்றது.

குலசேகரம். ஷீட் குடோனுக்கு மேல்மாடி.
புகைபோட்ட ஷீட்டின் வாடை படியேறி வந்து
கீபோர்டு இடுக்குகளில் குடியிருக்கிறது.
தகரத்தில் ஆனி மழை.
கரண்டு போகும்போதெல்லாம் யுபிஎஸ்
கன்றைத் தொலைத்த மாடுபோலக் கத்துகிறது.

ஞானாபரணம் முதலாளி புது டிஸ்க் வாங்கித் தந்தார்,
பில்லை இரண்டு தரம் வாசித்துவிட்டு.
"பதினாலு வருசத்து வெலையும் இதுக்குள்ள பெயருமா பிள்ளே?"
பெயரும் என்றேன்.
"அப்பம் வெலை பாக்க வாறவனுவ?
பழைய அட்ரஸ்ல வந்து நிப்பானுவளே."
கடைப் பலகை அங்கேயேதான் இருக்கும்,
சரக்கு மட்டும் வேறு குடோன் என்றேன்.
"அது கொள்ளாம்" என்று
குடையை விரித்துக்கொண்டு இறங்கிப்போனார்.

மழை விட்டால் மூன்று மணிக்கே
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்ட இறங்குவார்கள்.
இறங்கும் முன் ஒருதரம் விலை பார்ப்பார்கள்,
வெட்டவா, கிடக்கட்டுமா என்று.
அதற்குள் முடிக்க வேண்டும்.

நாற்பத்தோராயிரம் கோப்புகள்
ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஏறிப் போயின.
இருநூறைத் தாண்டிய வருடம் ஒன்றும் அதில் ஓடியது.
நிறுத்திப் பார்க்க நேரமில்லை.

பிறகு கான்ஃபிக்.
வேர் எங்கே என்று சொல்லும் வரி ஒன்று.
பழைய பாதையை அழித்துப் புதியதை எழுதினேன்.
அதே பாதையை இன்னொரு இடத்திலும் எழுத வேண்டும்,
வழக்கமாக அதை மறப்பேன், இன்று மறக்கவில்லை.
ரீஸ்டார்ட்.

நானூற்று மூன்று.
அனுமதியில்லை.

கோப்புகளைப் பார்த்தேன், யாரும் படிக்கலாம்.
ஃபோல்டரைப் பார்த்தேன், திறந்து கிடந்தது.
எழுத்துப் பிழையோ என்று
பாதையை விரல் வைத்து வாசித்தேன், கடைசியிலிருந்து முதலுக்கு.
ஒன்றரை மணிக்குத்தான் கண்ணில் பட்டது.
எல்லாவற்றுக்கும் மேலே, புது டிஸ்க்கின் முதல் வாசலில்
மற்றவர்கள் என்ற இடத்தில்
மூன்று சிறு கோடுகள்.
வீடெல்லாம் திறந்திருக்க
தெருமுனையில் ஒருவன் கைநீட்டி மறித்து நிற்கிறான்.

அதற்கு வேண்டியது ஒரே ஒரு எழுத்து. எக்ஸ்.
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டாம்.
எதையும் எழுத வேண்டாம்.
கடந்துபோக மட்டும்.

சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில்
அது மட்டும் கேட்டு நின்றவர்களைப் பற்றி
பள்ளியில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.
இரண்டும் கிடைத்தது.
விடை இன்றுதான் புரிந்ததென்றால் பெரிய பேச்சாகிவிடும்.
எழுத்தைப் போட்டேன்.

பக்கம் திறந்தது.
எழுதாமல் நின்ற விலையை எழுதினேன்,
நூற்று எண்பத்தொன்று.
மழை விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்று பன்னிரண்டுக்கு லாக்கில் முதல் வரி.
லாக் ஆள் பேர் சொல்லாது.
ஆனால் இத்தனை பழைய பிரவுசரை இன்னும் விடாதவர்
கடையாலுமூட்டு டைட்டஸ் அண்ணன் ஒருத்தர்தான்.
வரியின் கடைசியில் இருநூறு.
கேட்டது கிடைத்தது என்று அதற்கு அர்த்தம்.
அங்கே கையில் செட்டோடு
அவர் பார்த்துக்கொண்டிருப்பது நூற்று எண்பத்தொன்று.
இந்த வருடம் ரப்பருக்கு வராத இருநூறு
என் திரையில் வந்து நின்றது.
அடுத்த வரியிலும் இருநூறு.
அதற்கடுத்ததிலும்.

பழைய ஃபோல்டரை இன்னும் அழிக்கவில்லை.
ஒரு வாரம் கிடக்கட்டும்.
பூட்டிய பிறகும் பூட்டை ஒருதரம்
இழுத்துப் பார்க்கிற கை எனக்கு.